வானதூதர் நின்ற நேரம்

ஆகஸ்ட் 30, சனி. கொடியேற்றம்.

மாதாவே, முதலில் மன்னிப்பு. உமது பாதத்தில் இருக்கும் விண்ணப்பப் பெட்டியே மூடி பொருந்தாமல் பிதுங்கிக்கொண்டிருக்கிறது. அதில் நானும் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் இது என் யோசனை இல்லை. தியானம் கொடுக்க வந்த சிஸ்டர் ரெஜினா, "பேச வராதவங்க எழுதுங்க. கொடியேத்தத்துல இருந்து திருவிழா வரைக்கும் தினமும் மாதாவுக்கு நாலு வரி போதும்" என்றார். கோயில் நிறைய ஆள் இருந்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

என்னை உமக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டு. பெயர் டெல்பின். வயது இருபத்திரண்டு. பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வம்சத்தில் கடலுக்கும் அடுப்படிக்கும் போகாமல் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நான் பட்டமளிப்பு அங்கியோடு விழித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை அப்பா, இருதய ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் மாட்டி சீரியல் லைட் போட்டிருக்கிறார். காலை ஜெபத்தில் நான் என்னையும் சேர்த்துக் கும்பிட வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஒரு கோளாறு உண்டு. யாராவது கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். பதில் இருக்கும். கிளம்பி வாய்வரைக்கும் வர அதற்கு வண்டி கிடைக்காது. வாய்மொழித் தேர்வில், "தவளையின் இதயத்தில் எத்தனை அறை?" என்று கேட்டார்கள். "மூன்று" என்று நான் சொன்னபோது கேட்டவர் அடுத்த பெண்ணிடம் மண்புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவரைவிட வேகம். "சாப்பிட்டியா பிள்ள?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவார். "இன்னும் இல்லப்பா" என்று நான் சொல்லும்போது தெருமுனை திரும்பியிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்; காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து ஓடிப் பழகிய கால்.

இன்று உமக்குச் சேலை மாற்றினேன். எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண்கள்தான் அதைச் செய்யவேண்டும். ஒருசந்தி நோன்பு இருந்து, பீடத்துக்கு முன் திரை இழுத்து, உள்ளே இரண்டே பேர். போன வருஷம் கட்டிய இரண்டு அக்காமாருக்கும் வருஷம் முடியும் முன்னே மாலை விழுந்துவிட்டது. "மாதாவுக்குச் சேலை கட்டினா மாலை தேடி வரும்" என்பது இங்கே ஐந்தாம் நற்செய்தி. அம்மா என் பெயரைக் கொடுத்ததில் பக்தி எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்று உமக்குத்தான் தெரியும்.

கூட வந்தவள் ரெனிலா. என் பள்ளித்தோழி, செல்போன் கடையில் வேலை. நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். பழைய சேலையை உருவியதும் கத்தியேவிட்டாள்.

"ஏட்டி டெல்பின்! மாதாவுக்குக் கால் இல்ல!"

"மெதுவா பேசுட்டி."

"இடுப்புக்குக் கீழ வெறும் சட்டம்ட்டி. நம்ம வீட்டு நண்டு பிடிக்கிற கூடு மாதிரி."

உண்மைதான். முகம், கைகள், மார்பு வரை அழகான மரச்சிற்பம். கீழே நாலு ரீப்பர் கட்டை, குறுக்கே இரண்டு, அவ்வளவு. சிறு வயதிலிருந்து அந்தச் சேலை மடிப்புக்குள் ஒரு பாதம் இருப்பதாக நினைத்து முத்தமிட்டு வந்திருக்கிறேன்.

"அப்போ படத்துல பாம்புத் தலையை எதால மிதிச்சாவ?" என்றாள் ரெனிலா.

நான் மறைக்கல்வி டீச்சர். உடலோடும் ஆன்மாவோடும் நீர் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டீர் என்று போன வாரம்தான் ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊர் உடல் பாதியில் நிற்கிறது. கொசுவத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக வைத்தேன். வேறு என்ன செய்ய.

பழைய சேலையைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். உமக்கு ஒரு தடவை கட்டியதை அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் உடுத்தக்கூடாது. அது ஊர்க்கட்டு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு.

மறைக்கல்வி வகுப்பில் ஆஷ்லின் எழுந்து நின்றாள். ஏழாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், கண்ணில் பயமே கிடையாது.

"டீச்சர், கன்னி எப்படி அம்மாவாக முடியும்?"

பதில் வர நேரமாகும் என்று சொன்னேன் இல்லையா. இன்றைக்குப் பார்த்து உடனே வந்தது, அதுவும் தவறான அறையிலிருந்து.

"சில பல்லி இனத்துல ஆணே கிடையாது. பெண் பல்லி தானாவே முட்டையிட்டு..."

ஜன்னலுக்கு வெளியே பங்குச்சாமி நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. கதவோரம் அழைத்து மெதுவாகச் சொன்னார்: "டெல்பின், பல்லி வேண்டாம்."

"சரி சாமி."

"அது மறைபொருள்மா. விலங்கியல்ல இல்ல, விசுவாசத்துல இருக்கு."

முகம் எரிய திரும்பி வந்து லூக்கா நற்செய்தியைத் திறந்தேன். அங்கே நீரே எனக்குக் கை கொடுத்தீர். "ஆஷ்லின், நீ கேட்டதை மாதாவே கேட்டிருக்காவ. நான் ஆணை அறியாதவளாச்சே, இது எப்படி நடக்கும்னு வானதூதர்கிட்டயே கேட்டாவ" என்றேன். ஆஷ்லினுக்கு ஒரே பெருமை. நான் மாதா மாதிரி கேட்டேன் என்று வகுப்பு முடியும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் அது உறைத்துக்கொண்டே இருந்தது. உமக்கு முன்பே அதே தூதர், பிள்ளை பிறக்கும் என்று சொல்லக் கிழவர் செக்கரியாவிடம் போனார். அவரும் கேள்விதான் கேட்டார். அவருக்குப் பேச்சே போய்விட்டது. உமக்கு மட்டும் உட்காரவைத்துச் சொன்னது போல விளக்கம் கிடைத்தது. அவர் நம்பாமல் கேட்டார், நீர் நம்பிக் கேட்டீர் என்பது திருச்சபையின் விளக்கம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்பதைத் திருச்சபை கவனிக்கவில்லை: கேட்காமலே ஊமையாக இருப்பவள்.

போகும்போது சாமி, வியாழக்கிழமை நவநாள் பூசையில் "மரியாவின் ஆம்" என்று ஐந்து நிமிடம் சிந்தனை சொல்லவேண்டும் என்றார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஸ்கூட்டரில் போய்விட்டிருந்தார்.

செப்டம்பர் 1, திங்கள்.

கல்லூரியிலிருந்து போன் வந்தது. முக்கியமில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாளையின் வயிற்றைக் கீறிக்கொண்டே, ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள்.

"வடக்குத்தெரு செசிலி மாமி மவனுக்கு உன்னைக் கேக்காவ."

கையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் என் காலில் விழுந்தது.

"கொடியேத்தத்தன்னைக்கு உன்னைப் பாத்தாவளாம். மாதா சேலையோட நிக்கும்போது லச்சணமா இருந்தியாம். பையன் கப்பல்ல இருக்கான். திருவிழாவுக்கு வந்திருக்கான். எட்டாம் தேதி பூசை முடிஞ்சு சாயங்காலம் நிச்சயம் வச்சிட்டா, அவன் போயிட்டு வந்ததும் தையில கல்யாணம்."

"அப்பா என்ன..."

"அப்பா சரின்னுட்டாவ."

பாரம்பரியத்தில் ஒரு கதை உண்டு. உமக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எல்லா ஆண்களின் தடியையும் கோயிலில் வாங்கி வைத்தார்களாம். யோசேப்பின் தடி பூத்ததாம். அதனால்தான் படத்தில் அவர் கையில் லீலிப்பூ. இது நற்செய்தியில் இல்லை. உம் அப்பா சுவக்கீன், அம்மா அன்னம்மாள் பெயர்கூட அங்கே இல்லை. எல்லாம் வழிவழியாக வந்தது. எங்கள் ஊரில் தடிக்குப் பதில் கப்பல் வேலை பூக்கும்.

அம்மா போனில் படம் காட்டினாள். பிரின்ஸ்டன். கப்பல் கைப்பிடிக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார். நல்ல முகம். குடிப்பதில்லையாம். தங்கையைப் படிக்கவைக்கிறாராம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அப்பா மதியம் வந்தார். கானாவூர்க் கல்யாணத்தில் நீர் உம் மகனிடம் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குத் திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது என்று குறிப்பு மட்டும் கொடுத்தீர். நானும் அந்த வழியைக் கையாண்டு பார்த்தேன்.

"அப்பா, தூத்துக்குடிக்கு காலையில முத பஸ் எத்தனை மணிக்கு?"

"எதுக்கு பிள்ள?" என்று கேட்டு, வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குறிப்பால் சொல்வதற்கும் எதிரில் ஒருவர் நின்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். உம்மிடம் வானதூதர் பட்டப்பகலில், நீர் விழித்திருக்கும்போது வந்தார். யோசேப்பிடம் எப்போதுமே கனவில்தான் வந்தார். மத்தேயு நற்செய்தியில் வரிசையாகப் பார்த்தேன், எல்லாம் தூக்கத்தில். ஆண்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வானதூதரே அவர்கள் படுக்கும்வரை காத்திருந்திருக்கிறார்.

அப்பா கடலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு மதியம் தூங்குவார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, கடல்சார் உயிரியல்ல எம்.எஸ்சி. இடம் கிடைச்சிருக்கு. தூத்துக்குடியில. விடுதி உண்டு. உதவித்தொகையும் உண்டு. நான்தான் யாருக்கும் தெரியாம எழுதிப்போட்டேன்."

என் வாழ்நாளில் அப்பாவிடம் நான் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீண்ட பேச்சு இது. அப்பா குறட்டையைச் சற்று மாற்றினார். யோசேப்பு எழுந்ததும் தூதர் பணித்தபடி செய்தார் என்று எழுதியிருக்கிறது. அப்பா எழுந்ததும் தேநீர் கேட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்.

அவமானத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

சிந்தனைக்கு இரண்டு பக்கம் தயார் செய்திருந்தேன். எல்லோரும் வானதூதரிடம் நீர் சொன்ன "ஆம்" என்ற ஒரு சொல்லைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது என்பதே என் பேச்சின் சாரம். வானதூதர் சுவக்கீனிடம் போய், "உங்க மவளை இப்படி ஒரு காரியத்துக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று சொல்லவில்லை. நேரே உம்மிடம் வந்தார். இறைவனே தமக்கு ஒரு தாய் வேண்டும் என்றபோது அந்தப் பெண்ணிடம் ஆள் அனுப்பினார். இதையெல்லாம் வீட்டில் கண்ணாடி முன் நின்று சொன்னபோது நான் ஒரு மறைப்பணியாளர் போலவே இருந்தேன்.

மைக் முன்னால் நின்றதும் முதல் வரி வந்தது. இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரிக்கு முன் மூச்சு வாங்க நின்றேன். கொஞ்சம் நீளமான மூச்சுதான். பாடற்குழு நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து ஆர்மோனியத்தை அழுத்திவிட்டது. சபை எழுந்து நின்று பாடியது. நானும் மைக் முன்னால் நின்று பாடினேன். வேறு வழி?

பூசை முடிந்து சாமி, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. சுருக்கமா, நறுக்குன்னு" என்றார்.

ரெனிலா, "ஏட்டி, நீ என்னதான் சொன்ன? 'பிரியமானவர்களே'ன்னு தொடங்குன, அதுக்குள்ள பாட்டு வந்துட்டு" என்றாள்.

பேச்சின் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது தாளிலேயே இருக்கிறது. மடித்து ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி.

செசிலி மாமி வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், எதையும் மறைக்காத மனது. எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருக்கிறது. அதுவும் ஒரு கஷ்டம்.

ஒரே கடை, ஒரே மாதிரி இரண்டு துணிப்பைகள். இரண்டும் வாய் தைத்தவை.

"பிள்ள, இது ரெண்டையும் நீயே வச்சிக்கோ. பூ சுத்தின பை மாதாவுக்கு. மவன் போன கப்பல் புயல்ல மாட்டினப்போ நேந்துக்கிட்டது. நீலப்பட்டு. ஏழாம் தேதி சப்பரத்துல மாதா அதைத்தான் உடுத்தணும், சாமிகிட்டயும் சொல்லிட்டேன். திரைக்குள்ள போய்த்தான் பிரிக்கணும், என்ன? பூ இல்லாதது உனக்கு. அரக்குப்பட்டு. நிச்சயத்தன்னைக்குக் கட்டணும். எங்க வீட்டுல மாப்பிள்ளை வீட்டுச் சேலை இல்லாம நிச்சயம் கிடையாது."

"சரி மாமி."

"பேச மாட்டா போலிருக்கே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அவ அப்படித்தான். மாதா மாதிரி. எல்லாத்தையும் மனசுல வச்சிக்கிடுவா" என்றாள் அம்மா.

நீர் எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தீர் என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஆனால் நீர் பேசாதவர் என்று அவர் எழுதவில்லை. உறவுக்கார எலிசபெத் வீட்டுக்கு நடந்து போய் ஒரு பெரிய பாட்டே பாடியிருக்கிறீர். வலியோரை அரியணையிலிருந்து இறக்குவது வரைக்கும் அதில் இருக்கிறது. பத்து வசனம் தொடர்ந்து பாடிய பெண்ணை எங்கள் ஊரில் எப்படி ஊமையாக்கினோம் என்று தெரியவில்லை. சட்டத்தில் மாட்டி, சேலை கட்டினால் யாரும் அமைதியாகத்தான் இருப்பார்கள்.

செப்டம்பர் 6, சனி.

கல்லூரியிலிருந்து மறுபடியும் போன். புதன்கிழமை கடைசி நாள், அதற்குப் பிறகு இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். முக்கியமில்லை என்று இந்த முறை எழுத வரவில்லை.

செசிலி மாமி சுற்றிய மல்லிகை வாடியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப்பூ கட்டிச் சுற்றினேன். எந்தப் பையில் இருந்ததோ அந்தப் பையில்தான் சுற்றினேன் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி பைகள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சொல்லவேண்டும் என்று தோன்றியதால் சொல்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு. சப்பரம்.

மாதாவே, நடந்தது ஒரு தவறு. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குத் திரைக்குள் போனோம். பூ சுற்றிய பையைத்தான் கொண்டுபோனேன். ரெனிலா நூலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து அரக்குப்பட்டு வந்தது.

"ஏட்டி, மாதாவுக்கு அரக்கு எடுத்திருக்காவளா?"

பதில் வர நேரமாகும் இல்லையா.

"நீலம்னுல்லா செசிலி மாமி ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சாவ? வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்துட்டு வரவா? அஞ்சு நிமிசம்தான்."

"வேண்டாம். நேரம் இல்ல."

"இன்னும் ரெண்டு மணிநேரத்துக்கு மேல இருக்குட்டி."

"பழைய ஓவியங்கள்ல மாதா சிவப்பு அங்கிதான் போட்டிருப்பாவ. மேல போர்த்துறதுதான் நீலம். சிவப்பு மனித இயல்புக்கு அடையாளம். பாரம்பரியத்துல இருக்கு."

ரெனிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை என் வாயிலிருந்து இவ்வளவு வேகமாக ஒரு விளக்கம் வந்ததை அவள் கேட்டதில்லை. பிறகு ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, "நீ டிகிரி. உனக்குத் தெரியும்" என்றாள். ரெனிலா பேசாமல் சேலை கட்டியது அதுதான் முதல் தடவை.

நிச்சயம் தள்ளிப்போகும் என்று நான் நினைக்கவேயில்லை. உமக்குக் கட்டியதைத் திரும்ப வாங்க முடியாது, அதே மாதிரி ஒன்றை எடுக்கத் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும், அதற்குள் புதன்கிழமை தாண்டிவிடும் என்று கணக்குப் போடவும் இல்லை. அரக்கு உமக்கு மிக நன்றாக இருந்தது. இதை மட்டும் உண்மையாகச் சொல்கிறேன்.

ஆறு மணிக்குத் திரை விலகியது. பெண்கள் பகுதியில் முன்வரிசையில் செசிலி மாமி. கை நெஞ்சுக்குப் போனது. இப்போது கத்துவார், கேவலமாகப் பேசுவார், சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து போவார் என்று காத்திருந்தேன்.

செசிலி மாமி அழுதார். முட்டி போட்டு, இரண்டு கைகளையும் விரித்து, வாய்விட்டு அழுதார்.

"மாதாவே! என் மருமவளுக்கு எடுத்ததை நீயே உடுத்திக்கிட்டியே தாயே! நானே முடிச்சித் தாறேன்னு சொல்லிட்டியே தாயே!"

சப்பரம் தெரு திரும்புவதற்குள் செய்தி ஊர் முழுக்கத் திரும்பிவிட்டது. பை மாறியதை மாதாவின் செயல் என்றார்கள். ஊரில் இதுவரை எந்தப் பெண்ணின் நிச்சயச் சேலையையும் மாதா உடுத்தியதில்லையாம். முகம் தெரியாத கிழவிகள்கூட என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா சப்பரம் தூக்கிய தோளோடு வந்து, "பாத்தியா பிள்ள!" என்றார். கண் கலங்கியிருந்தது. என் பட்டமளிப்பு விழாவில்தான் அவர் கடைசியாக அப்படி இருந்தார். நான் வாயைத் திறந்தேன். சப்பரம் நகர்ந்தது, அப்பாவும் நகர்ந்தார்.

சேலைக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு செசிலி மாமி தயாராக இருந்தார். "என்ன இப்போ? மாதாவுக்கு எடுத்த நீலத்தை மருமவ கட்டட்டும். மாதா மாத்திக் குடுத்திருக்கா!"

நான் தப்பிக்க ஒரு கதவைத் திறக்கப் போய், அதை உமது பெயரால் பூட்டி, சாவியை உமது கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த அறிவுக்குத்தான் சீரியல் லைட்.

ரெனிலா என் பக்கத்தில் மெழுகுதிரியோடு நடந்து வந்தாள். கடைசி ஜெபமாலை முடிந்ததும் காதில் சொன்னாள்.

"சேலை பேசும்னு நினைச்சியாட்டி? சேலைக்கு வாய் கிடையாது. அவியவிய என்ன கேக்கணுமோ அதைத்தான் அதுல கேப்பாவ."

"என்ன சொல்லுத? அது தவறுதலா..."

"சரி சரி. தவறுதலாத்தான்."

செப்டம்பர் 8, திங்கள். உமது பிறந்தநாள்.

காலைப் பூசையில் இயேசுவின் தலைமுறை அட்டவணை வாசித்தார்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றார், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றார் என்று அப்பாக்கள் அப்பாக்களாக வரிசையில் வந்தார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். உமது பிறந்தநாளில்கூட உமது பெயர் கடைசியில்தான் வந்தது. ஆனால் அங்கே வந்ததும் வாக்கியம் மாறிவிட்டது. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஓடிவந்த வரிசை, "மரியாவிடம் பிறந்தவர்" என்று நின்று, திரும்பியது. எத்தனையோ வருஷமாக இதைக் கேட்டிருக்கிறேன். நின்றதை இன்றுதான் கவனித்தேன்.

இப்போது மணி மூன்றரை. நீலப்பட்டு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். உமக்கென்று நேர்ந்தது. எனக்குக் கால்கள் இருப்பதால் கொசுவம் உமக்கு நின்றது போல நிற்கவில்லை. வெளியே நாற்காலி இறக்கும் சத்தம். அம்மா பாயாசத்துக்கு முந்திரி வறுக்கிறாள். ஐந்து மணிக்கு அவர்கள் வருவார்கள்.

கொஞ்சம் முன்பு அப்பா உள்ளே வந்தார். பைக் சாவியைத் தேடிக்கொண்டே, முதல் தடவையாகக் கேட்டார்.

"பிள்ள, உனக்குச் சம்மதம்தானே?"

சாவி கிடைத்தது. கால் வாசலுக்குப் போய்விட்டது.

"அப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அடுப்படியில் கரண்டி நின்றது.

"அப்பா, நீங்க கேட்டீங்கல்லா. பதில் சொல்லணும். கொஞ்சம் நீளமா இருக்கும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். "பந்தல்காரன் வெளியே நிக்கான் பிள்ள. அவனை அனுப்பிட்டு வாறேன்" என்றார். போய்விட்டார்.

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். பிரின்ஸ்டன் நல்லவர், அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்று தெரியாது. இரண்டு வருஷம் படிக்கவேண்டும். புதன்கிழமைக்குள் சேரவேண்டும். அதற்குப் பிறகும் அவர் கேட்டால், நேரில் வந்து என்னிடம் கேட்டால், யோசித்துப் பதில் சொல்வேன். பூவை யார் மாற்றினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது செசிலி மாமியும் இருக்கவேண்டும். அவர் அழுத அழுகைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மாதாவே, உம்மிடமும்தான். மேலே எழுதிய "என்று நினைக்கிறேன்", "தவறு" எல்லாவற்றையும் நீர் ஏற்கெனவே அடித்துத் திருத்திப் படித்திருப்பீர்.

ஜெபப்புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆர்மோனியம் விழுங்கிய கடைசி வரி இதுதான்: நீர் கேட்டபோது அவசரப்படாமல், உமது சொற்படியே ஆகட்டும் என்று நீர் சொல்லி முடிக்கும்வரை நின்று, அதற்குப் பிறகே வானதூதர் உம்மைவிட்டுப் போனார். அந்த வீட்டில் விண்ணகமே ஒரு பெண்ணின் பதிலுக்காக நின்றிருக்கிறது.

இந்த நவநாள் முழுக்க ஊரே பெட்டியில் சீட்டுப் போட்டது. நான் போடவில்லை. இடம் வேண்டும் என்று கேட்கவில்லை, இந்தச் சம்பந்தத்தைக் கலைத்துவிடும் என்று கேட்கவில்லை. என்ன கேட்பது என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

பந்தல்காரர் வண்டி கிளம்பிவிட்டது. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம்.

மாதாவே, நான் சொல்லி முடிக்கும்வரை அவரை நிற்க வையும்.